ஈரத்திலே வாடிய நாற்றுகள்

ஒரு மாதமாகத் தலைச்சோலை எஸ்டேட்டின் காப்பி நாற்றுகள் புவனேஸ்வரியின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தன. காலையில் நிமிர்ந்து நிற்கும். பத்து மணி வெயில் பட்டால் போதும், இரண்டாயிரம் நாற்றும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. தவறாமல் ஊற்றத்தான் செய்தாள். நம்பத்தான் ஆள் இல்லை.

முக்கியமாக ரைட்டர் தனபால் நம்பவில்லை. எஸ்டேட்டில் வேலை ஏவுபவர் அவர்தான். இருபது வருஷ சர்வீஸில் தன் மேல் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. திங்கட்கிழமை வந்து நின்று ஆரம்பித்தார்.

"ஏம்மா புவனா, போன்ல பேசிக்கிட்டே ஓஸ் புடிச்சா இப்படித்தான் ஆகும். வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. அதுக்குள்ள இதுக நிமிரலீன்னா நீ பழையபடி களை வெட்டத்தான் போகோணும்."

புவனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷம் களை வெட்டி இடுப்பு விட்டுப்போன பிறகு கிடைத்த நர்சரி வேலை. விதை பிளந்து முதல் இரண்டு இலை விரிவதைப் பார்த்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

"ஏனுங்க ரைட்டரய்யா, மூணு நாளைக்கு நீங்களே ஊத்திப் பாருங்க. நான் ஓஸைத் தொடலீங்க."

ரைட்டருக்கு வீம்பு அதிகம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் அவரே ஊற்றினார். "பாத்துக்க, இப்படித்தான் ஊத்தோணும்" என்று பாடம் வேறு. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டாயிரம் நாற்றும் ஒன்றுபோலத் தலையைத் தொங்கப் போட்டன. ரைட்டர் அவற்றையே வெறித்துப் பார்த்தார்.

புவனேஸ்வரி மண்ணோடு ஒரு நாற்றுப் பையைக் கிழித்துக் காட்டினாள். மண் சொதசொதவென்று இருந்தது. வேரோ கட்டையாக, பழுப்பேறி, நுனி கருகிக் கிடந்தது. போன வருஷம் மீந்த மண்ணில் வைத்த இருபது பைகள் ஓரமாக இருந்தன. அவை வெயிலில் விறைப்பாக நின்றன. அதில் ஒன்றையும் கிழித்தாள். வேர் வெள்ளை வெளேரென்று முடிமுடியாக ஓடியிருந்தது.

"ரெண்டுக்கும் ஒரே தண்ணிதானுங்க. இங்க தண்ணி வேருகிட்டவே நிக்குது. வேருதான் குடிக்க முடியாமக் கெடக்குது. இந்த வருஷப் புது மண்ணு எங்கிருந்துங்க எடுத்தீங்க?"

"மருந்துக் கொட்டாய்க்குப் பின்னாடி. நொம்பச் சுத்தமான மண்ணு. ஒரு புல்லு பூண்டு மொளைக்காது. நர்சரியில களை புடுங்கற வேலையே இருக்காதுன்னு நாந்தான் தேடிப் பாத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக் காப்பிக்கு அடிக்கிற நீல மருந்து டிரம்மை அங்கேதான் கழுவுவார்கள். இருபது வருஷமாகக் கழுவிய தண்ணீர் அந்த மண்ணில்தான் இறங்கியிருந்தது.

"புல்லே பொழைக்காத மண்ணுல காப்பி எப்படிங்க பொழைக்கும்?" என்றாள் புவனேஸ்வரி.

"துத்தத்துல இருக்கிற செம்பு வேரைச் சுட்டுப்போட்டுது, கண்ணு" என்றார் ரைட்டர், குரல் இறங்கி. "பயிற்சிக்குப் போனப்பச் சொன்னாங்க. நான் பாதியில டீ குடிக்கப் போயிட்டேன்."

புவனேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு வற்றிவிட்டது. முதலாளி முன்னால் இந்த மனுஷன் வாயைத் திறப்பாரா என்று பயம் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி நாற்றுகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இங்க தண்ணி ஊத்தறது யாரு?"

ரைட்டர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"தண்ணியில குறையில்லீங்க. மண்ணுல செம்பு ஏறிப்போச்சு. அந்த மண்ணை எடுத்தவன் நானுங்க. கண்டுபுடிச்சது நம்ம நர்சரி புவனாங்க."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப என்ன பண்றது?"

"வேருல உசுரு இருக்கறதைப் பொறுக்கி, கழுவி, காட்டு மண்ணுல மாத்திரலாமுங்க" என்றாள் புவனேஸ்வரி. "பாதி தேறும்."

"அப்பச் செய். உன் நர்சரிதானே" என்று சொல்லிவிட்டு முதலாளி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறையும்வரை காத்திருந்து, புவனேஸ்வரி காட்டு மண் அள்ளக் கூடை ஒன்றை எடுத்து ரைட்டரிடம் நீட்டினாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் போகோணும்?" என்று அவளிடம் கேட்டார்.