ஊசிக்களாச் சாறு

அண்ணன் அவளைக் கூப்பிடுவது 'சோதனை' என்றுதான். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்த அன்றைக்கு வைத்த பெயர் அது. சாயங்காலம் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டாலே போதும், "வந்துடுச்சு என் சோதனை, தட்டை எடுத்து வை" என்று அடுப்படிப் பக்கம் குரல் விடுவான். பேருந்து ஓட்டி, எஞ்சின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும்.

கல்யாணம் முறிந்து அவள் ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்தபோது, அண்ணி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அறையில் பாதியை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். நாத்தனார் என்றால் குத்திப் பேசுகிறவள் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பேச்சு இந்த வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது அதற்குப் பிறகுதான். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து படுத்து, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். "வண்டிக்கு ரேடியேட்டர் போனா தண்ணி ஊத்தணும், எனக்குப் போனா தண்ணி கூடாதாம். என்ன கம்பெனியோ!" என்று சொல்லிச் சிரிப்பான். அண்ணி மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்தப் பருவத்தில் சோதனைக் கூடத்துக்குக் காட்டுப் பழங்கள் சில வந்தன. அதில் ஒன்று ஊசிக்களா. பையின் மேல் ஒட்டிய சீட்டில் ஆங்கிலத்தில் பார்பெரி என்று இருந்தது. கறுத்த நீலமாய், மேலே சாம்பல் பூசினாற்போல, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பழம். ஈரம் எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு, சர்க்கரை, புரதம், நார் எல்லாம் எவ்வளவு என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு நாள் ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு என்று காட்டும் ஊதாக் கரைசலில் பழச்சாற்றைச் சில துளி விட்டாள். கண்ணெதிரே ஊதா வெளுத்து மஞ்சளாகிவிட்டது. எத்தனையோ பழத்துக்கு அந்தச் சோதனையைச் செய்திருக்கிறாள், இத்தனை வேகத்தைப் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. சாப்பிடும்போது ஊசிக்களாவைப் பற்றிச் சொன்னாள்.

"ஆன்டிஆக்சிடன்ட் அவ்வளவு இருக்கு அண்ணி. வைட்டமின் சியும் நல்லாவே இருக்கு."

"அது என்ன பண்ணும்?" என்றாள் அண்ணி.

"உடம்புக்குள்ள துரு ஏறாம பாத்துக்கும்னு வெச்சுக்கோங்களேன்."

"வண்டிக்கு அடியில அடிப்பாங்களே, அந்த பெயின்ட்டா? எனக்கு முன்னாடியே அடிச்சிருக்கலாம்" என்றான் அண்ணன். மூவரும் சிரித்தார்கள். அன்று அண்ணியும் சிரித்தாள்.

தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி வேலியோரம் அந்தச் செடி புதராக மண்டிக் கிடந்தது. யாரும் கிட்டப் போவதில்லை. கணுவுக்குக் கணு முள், அதுவும் ஒற்றை முள் இல்லை, மூன்று மூன்றாகப் பிரிந்த முள். நாத்தனார் வேலைக்குக் கிளம்பிய பிறகு அண்ணி தூக்குவாளியோடு போய்ப் பறித்து வருவாள். பிழிந்து, வடிகட்டி, அண்ணன் குடிக்க வேண்டிய தண்ணீர் அளவில் பாதியைக் குறைத்து அதற்குப் பதிலாக அந்தச் சாற்றைக் கொடுத்தாள். நாத்தனாரிடம் மூச்சு விடவில்லை. புருஷன் தேறி எழுந்த பிறகு, 'உன் பழம்தான் காப்பாத்துச்சு' என்று சொல்லி அவளை அசத்த வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. கையில் கீறல் எதற்கு என்று நாத்தனார் கேட்டபோது, "தையல்காரி கையில ஊசி குத்தாம பூவா குத்தும்?" என்று மழுப்பிவிட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அடுத்த முறை இன்னும் ஏறியது. அன்று அண்ணனோடு போயிருந்த தங்கையை டாக்டர் வெளியே அழைத்தார்.

"வாழைப்பழம், இளநீர், ஜூஸ் ஏதாவது குடுக்கறீங்களாம்மா? இப்படியே ஏறினா இதயம் நின்னுடும். அவரைக் கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சாதிக்கிறார்."

அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுநாள் சோதனைக் கூடத்தில் தாது உப்புகளின் அளவு வந்தது. ஊசிக்களாவுக்கு நேரே பொட்டாசியம் என்ற இடத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். நல்ல உடம்புக்கு அது நல்ல சத்து. கழிவை வெளியேற்ற முடியாத உடம்புக்கு? அண்ணியின் மணிக்கட்டில் இருந்த கீறல்கள் அப்போதுதான் அவள் நினைவில் வந்து நின்றன. தையல் ஊசி மணிக்கட்டைக் கீறுமா? அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டில் அண்ணி சாறு பிழிந்துகொண்டிருந்தாள். விரலெல்லாம் ஊதா. நாத்தனாரைப் பார்த்ததும், திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளைபோல முழித்தாள். பிறகு தானே சிரித்துக்கொண்டு, "தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

"நல்ல பழம்னு நீதானே சொன்னே?" என்றாள் அண்ணி. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாத குரல்.

"நல்ல பழம்தான் அண்ணி. அண்ணன் உடம்புக்குத்தான் ஆகாது."

அண்ணி பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். சாறு போன வழியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கறை போன பிறகும் தேய்த்தாள்.

அவள் அண்ணனிடம் போய் நின்றாள். "டாக்டர் அத்தனை தடவை கேட்டாரே, ஏன் மறைச்சே?"

"கத்தாதே, அவ காதுல விழும்" என்றான், ஊருக்கே கேட்கும் குரல்காரன். "எனக்கு ஆகாதுன்னு மூணாம் நாளே சந்தேகம். காலெல்லாம் துவண்டு போச்சு. ஆனா டம்ளரை நீட்டும்போது அவ முகத்தைப் பாத்தியா நீ? எனக்கு நோவு வந்ததுலேருந்து அந்த முகத்தை நான் பாக்கவே இல்ல. வேண்டாம்னு எப்படிச் சொல்றது, சொல்லு."

சாறு நின்றது. பொட்டாசியம் இறங்கி, இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. அண்ணி பழையபடி தண்ணீரை அளந்து கொடுத்தாள். ஆனால் எதைக் கொடுத்தாலும், "இது குடுக்கலாமா?" என்று நாத்தனாரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். சாதம் வடித்தால்கூடக் கேட்டாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், சவரம் செய்துகொள்ள ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான் அண்ணன். கன்னத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரையோடு அப்படியே சரிந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அந்தச் சாறுதான் காரணமா என்று தங்கை தாழ்வாரத்தில் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். அவர் நல்ல மனிதர், பூசி மெழுகத் தெரியாதவர்.

"இந்த நோயே இதயத்தை அரிக்கிற நோய்தாம்மா. அந்த ஒரு மாசம் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். கூட்டாமலும் இருந்திருக்கலாம். யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது."

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். அண்ணி அழவில்லை. சொட்டுக் கண்ணீர் இல்லை. சாப்பிடச் சொன்னால் தட்டின் முன் உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவாள். ஒரு மத்தியானம், மிஷின் மேல் கையை வைத்தபடி கேட்டாள்.

"உன்னை ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. டாக்டர்கிட்ட கேட்டா ஆறுதலுக்கு எதாவது சொல்லுவாரு. நீ சோதனை பண்றவ, நீ சொன்னா நான் நம்புவேன். நான் குடுத்ததுதானா?"

அளந்து பார்க்காத எதையும் உண்டு என்றோ இல்லை என்றோ வேலையில் அவள் எழுதியதில்லை. ஒரு சந்தேகம் இருந்தால் திரும்பவும் முதலிலிருந்து செய்கிறவள். இதைத் திரும்பச் செய்ய வழியில்லை. எதிரே இருப்பவளோ, ஒரு கேள்வி கேட்காமல் தனக்கு அறையில் பாதியைக் கொடுத்தவள்.

"இல்ல அண்ணி" என்றாள். "சாறை நிறுத்தினதும் எல்லாம் இறங்கிடுச்சு. நானே பாத்தேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நிஜமா?"

"நிஜமா."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உதடு கோணியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இத்தனை நாள் அழாத அழுகை முழுவதையும் அழுதாள். நாத்தனார் பின்னால் நின்று அண்ணியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுது ஓய்ந்து, அண்ணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "பசிக்குதும்மா" என்றாள். அவள் சாதம் போட்டாள். அண்ணி பிசைந்து சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். "நீயும் உக்காரு" என்று பக்கத்தில் ஒரு தட்டை இழுத்து வைத்தாள்.

அவள் தலைவலி என்று சொல்லிவிட்டு, தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.