ஓரத்தில் பச்சைப் பென்சில்

டிசம்பர் கடைசி ஞாயிறு மாலை நாலு மணிக்கு, மாட்டுங்காவில் சுந்தரராமன் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சுந்தரராமன், அவர் மனைவி வாலாம்பாள், மருமகள் ஸ்மிதா, செம்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை சாருலதா, தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் இசக்கிதுரை. மகன் கௌசிக் அங்கே இல்லை. வாஷியில் நண்பன் வீட்டு விருந்தில் இருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அந்த மாலையைப் பற்றி அதிகம் பேசியவன் அவன்தான்.

அவர்கள் கூடியது வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு. அந்த வருடம் படித்ததில் பிடித்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லும்போதே புத்தகம் எல்லோர் கைக்கும் போய்வர வேண்டும். வட்டத்தைத் தொடங்கிய சுந்தரராமனின் அப்பா போட்ட விதி அது. படிக்காததைப் படித்ததாகச் சொன்னால் தாளின் மொடமொடப்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பார் அவர். முதல் பேச்சு அந்தக் குடும்பத்துக்குத்தான். அப்பாவுக்குப் பிறகு நாற்பத்தொரு வருடமாகச் சுந்தரராமன்.

இந்த வருடம் சாருலதா ஒரு யோசனையோடு வந்திருந்தார். "வருஷத்துக்கு ஒருத்தர் ஆரம்பிக்கலாமே மாமா. முறை வெச்சுக்கலாம்."

"கடைசியில பேசிக்கலாம்" என்றார் சுந்தரராமன். முதல் பேச்சு தன் காலத்தில் கைவிட்டுப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் அப்பாவை எந்த முகத்தோடு நிமிர்ந்து பார்ப்பது என்ற கவலை அவருக்கு இருந்தது. அதனால் வழக்கத்தைவிடவும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்.

கோயில் கல்வெட்டுகள் பற்றி ஒன்று, ஏரிப் பாசன வரலாறு ஒன்று, எழுநூறு பக்கத்துக்கு ஒரு இலக்கண உரை. மூன்றையும் புகழ்ந்து முடித்தவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"கொலை, ரத்தம்னு அச்சடிக்கறானே, அதெல்லாம் புஸ்தகமே இல்லை. இந்த வீட்டு வாசப்படியை அது மிதிச்சதில்லை."

வாலாம்பாளுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

மூன்று புத்தகங்களும் சுற்றிவந்து சாருலதாவின் மடியில் நின்றன. கட்டைவிரலால் ஓரத்தை ஒரு ஓட்டு ஓட்டினார். "மூணுலயும் நூறாம் பக்கம் வரைக்கும் பச்சைப் பென்சில் கோடும் குறிப்புமா இருக்கு மாமா. அதுக்கப்புறம் தாள் மொடமொடன்னு இருக்கே?"

"பக்கத்தை நான் மெதுவாத் திருப்புவேன்."

அடுத்தது ஸ்மிதா. பிறந்து வளர்ந்தது விக்ரோலியில், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். போனில் ஒரு சித்திரக்கதை படித்திருந்தாள். விதிப்படி போனைக் கைமாற்றினாள். வாலாம்பாள் கைக்குப் போவதற்குள் அது பூட்டிக்கொண்டது. "அரே! கொஞ்சம் இருங்கோ" என்று அவள் நாலு முறை எழுந்து வந்து திறந்துவிட வேண்டியிருந்தது.

பிறகு இசக்கிதுரை பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அட்டையில் ஒரு கத்தி, ஒரு கண், நிறைய சிவப்பு. 'விஷக் கோப்பையில் மூன்று உதடுகள்'.

சுந்தரராமன் அட்டையை அடையாளம் கண்டுகொண்டார். அதே புத்தகம். மூலையில் அதே கொத்தமல்லிக் கறை.

கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கும் பையில், முருங்கைக்காய்க்கு அடியில், அந்த வருடம் மட்டும் இப்படிப் பதினேழு புத்தகங்கள் அந்த வாசப்படியைத் தாண்டியிருந்தன. படித்து முடித்ததும் பழைய பேப்பர்க் கட்டுக்குள் செருகி, எடைக்கு வாங்கும் ரத்திவாலாவிடம் போட்டுவிடுவார். ஒரே ஒரு கோளாறு. தலைமை எழுத்தராக முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்த கை, பச்சைப் பென்சில் இல்லாமல் எதையும் படிக்காது.

"சார் கோவிச்சுக்கிடாதீய" என்றார் இசக்கிதுரை. "ரத்திவாலா கடையில கெடந்துச்சு. கதை சுமாருதான். ஆனா ஓரத்துல யாரோ ஒரு மகராசன் எழுதிருக்காரு பாருங்க, அதுதான் இந்த வருசம் நான் படிச்சதுலயே முதல் எடம். கேளுங்க. பன்னெண்டாம் பக்கம்: 'செருப்போடு உள்ளே வருகிறான். இவனே கொலைகாரன்.' நாப்பதாம் பக்கம்: 'இவன் இல்லை. வருந்துகிறேன்.'"

ஸ்மிதா சிரித்துவிட்டாள்.

"இருங்க, இதைக் கேளுங்க. அறுவத்திமூணு: 'அம்மா மல்லிகா, அந்தக் காப்பியைக் குடிக்காதே!' அறுவத்திநாலு: 'குடித்துவிட்டாள்.' பட்டறையில இதை வாசிச்சேன், மெசின் அத்தனையும் நின்னு போச்சு சார். கடைசிப் பக்கத்துல என்ன தெரியுமா? 'பார்த்தேன். மறுபடியும் பார்க்க.'"

புத்தகம் கைமாறத் தொடங்கியது. ஸ்மிதா கையிலிருந்து வாலாம்பாள் கைக்கு வந்தது. அடுத்தது சாருலதா. அவர் மடியில் அதே பென்சில், அதே எழுத்து, மூன்று புத்தகமாகக் காத்திருந்தது.

வாலாம்பாள் புத்தகத்தை விடவில்லை. "இது நான் கிறுக்கினது" என்றாள். "மத்தியானம் பொழுது போகலை. இவர் பென்சிலை எடுத்து எழுதிட்டேன்."

சுந்தரராமனுக்கு வழி திறந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். முதல் பேச்சும் மானமும் வீட்டிலேயே தங்கும். சுவரைப் பார்த்தார். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"வாலாம்பா, நீ சும்மா இரு." எழுந்து நின்றார். "பொம்மனாட்டி பின்னாடி ஒளிஞ்சுக்கறது இந்தக் குடும்பத்துல கிடையாது. எழுதினது நான். அந்த மூணையும் நூறு பக்கத்துக்கு மேல நான் படிக்கலை. படிக்காததைப் படிச்சேன்னு சொன்னவனுக்கு முதல் பேச்சு இல்லை. அடுத்த வருஷம் இசக்கிதுரை ஆரம்பிக்கட்டும்."

"நீங்களா சார்!" இசக்கிதுரை எழுந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ யப்பா! இந்த ஆளைத் தேடி ரத்திவாலாகிட்ட மூணு வாட்டி நடந்தேனே! இன்னும் இருக்கா?"

"பதினாறு" என்றார் சுந்தரராமன்.

"ஏன்னா, முருங்கைக்காயை இனிமே தனிப் பையில வாங்கிண்டு வாங்கோ" என்றாள் வாலாம்பாள்.

சாருலதா மடியிலிருந்த மூன்றையும் மேஜைமேல் வைத்தார். கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "முறையெல்லாம் அடுத்த வருஷத்துக்கு மாமா. இந்த வருஷம் நீங்கோ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. நிஜமாப் படிச்சதைச் சொல்லுங்கோ."

சுந்தரராமன் ஆரம்பித்தார். ஒரு மணி பத்து நிமிஷம், நின்றபடியே. காப்பி இரண்டு முறை ஆறியது. மல்லிகாவின் காப்பிக்கு வந்தபோது தன் டம்ளரை மெல்லத் தள்ளி வைத்தார். யாரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"யாருதான் கொன்னது அப்பா?" என்றாள் ஸ்மிதா.

"சொல்ல மாட்டேன். புஸ்தகம் கைமாறட்டும். எழுத்துக் கூட்டியாவது படி."

அம்மா எழுதியதை அப்பா தன்மேல் போட்டுக்கொண்டு குடும்ப மானத்தைக் காப்பாற்றினார் என்று கௌசிக் வாஷியில் சொல்லி, அது இப்போது விக்ரோலியில் சம்பந்தி வீடு வரை போயிருக்கிறது. அது சரியல்ல. எழுதியது சுந்தரராமன்தான். பதினேழு புத்தகங்களிலும்.