ரெண்டு கிலோ

பனிக்கட்டித் தண்ணீரில் கை வைத்து வைத்துக் கலைமணியின் விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கடலூர் துறைமுகத்து இறால் கொட்டகையில் விடிந்ததிலிருந்து தோல் உரிக்கிறாள். தலை நிமிர்ந்தாலே மேஸ்திரி சேரனுக்குப் பொறுக்காது. ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

ஜூன் மாதம் அப்படித்தான் ஆனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்த்தார்கள். நாலாவது படிக்கும் மகள் வினோதினி பதினெட்டு கிலோ. அம்மாவை வரச் சொல்லிச் சீட்டு வந்தது. போனவளைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்து, "புள்ளைக்குச் சோறு போடுறியா, இல்லையா?" என்று கேட்டாள் நர்சம்மா. கலைமணி கூனிக் குறுகிப் போனாள். மறுநாள் கொட்டகையில் அவள் இடத்தில் வேறு ஆள். திரும்ப உள்ளே நுழைய இருபது நாள் சேரனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

இன்றைக்கு மறுபடி எடை. கலைமணி விடுவாளா? கேரளத்துக்குப் படகு வேலைக்குப் போன புருஷன் விட்டுவிட்டுப் போன வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்தெடுத்து, மகளின் யூனிஃபார்ம் பாவாடை மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்திருந்தாள். முழுசாக இரண்டு கிலோ.

சாயங்காலம் வினோதினி இருமிக்கொண்டே வந்தாள். ஒரு மாதமாக இதே இருமல்தான், மெடிக்கல் ஷாப் டானிக்குக்கெல்லாம் அடங்கவில்லை.

"ம்மா, இருபது கிலோவாம். டீச்சர் கை தட்டுனாங்க."

கலைமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எடை ஏறாத புள்ளைங்கள நாளைக்கு வேன்ல சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணி மருந்து தருவாங்களாம். டீச்சரே போறாங்க. இந்தவாட்டி அம்மா யாரும் வர வேணாமாம்."

கலைமணி அப்படியே மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அமராவதி டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். பாவாடை மடிப்பைப் பிடித்து அவர் கையில் கொடுத்தாள் கலைமணி.

"என்னாம்மா இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"தப்புதான் டீச்சர். பொழுது சாஞ்சா காய்ச்சல் அனலா கொதிக்குது. இவளையும் வேன்ல ஏத்திக்குங்க."

"எடையெல்லாம் போன்ல ஏத்தி அனுப்பியாச்சு. அத வச்சு மேலருந்து லிஸ்ட்டும் வந்துடுச்சு. பேரு இல்லாத புள்ளைய நான் எப்படி ஏத்துறது? நீங்களே ஒருநா கூட்டிட்டுப் போங்களேன்."

ஒருநா! அந்த ஒரு நாளுக்குத்தான் ஜூனில் இருபது நாள் கெஞ்சினாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதீங்க, எனக்குத்தான் மெமோ குடுப்பாங்க. ஜனவரில திரும்பப் பாப்பாங்க. ரெண்டு கிலோ கொறஞ்சிருந்தா உங்களத்தான் கூப்புடுவாங்க, பாத்துக்குங்க."

மறுநாள் காலையில் கலைமணி பாவாடையை அலசினாள். தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தவள், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள். உள்ளே வினோதினி இருமினாள். கொட்டகைக்கு நேரமாகிவிட்டது.

தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் வீட்டு வாசல் கொடியில் கிடந்த துணிகளெல்லாம் படபடத்தன. பாவாடை மட்டும் ஆடாமல் அசையாமல் நேராகத் தொங்கியது.