பல் உடைத்த கேசட்டுகள்

சோளக் காட்டுக்கு மேலே பழுப்பு நாடா.

மார்கழி வெயில் அதன்மேல் விழுகிறது. மின்னுகிறது. காற்று வருகிறது, விர்ரென்று ஒரு சத்தம். காற்று நிற்கிறது. சத்தமும் நிற்கிறது.

குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிய கேசட் நாடா. உள்ளே தோடி இருக்கிறது. கல்யாணி இருக்கிறது. பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் இருக்கிறார்கள். கிளி விரட்டுகிறார்கள்.

அட, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பூங்கோதையின் முன்னால் மட்டும் வேண்டாம். அவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.

*

பூங்கோதையின் கணவர் ஜெகந்நாதன் பெரிய ரசிகர். கோயம்புத்தூரில் எந்தக் கச்சேரி நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார். ஆவணியில் போய்ச் சேர்ந்தார்.

மாலையோடு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். எப்பேர்ப்பட்ட ரசிகர். எப்பேர்ப்பட்ட காது.

காதாம், காது. அந்தக் காதோடு குடும்பம் நடத்தியவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் டேப் ரெக்கார்டர் பாடும். வீடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். குக்கர் விசிலடிக்கக் கூடாது. மகள் நுனிக்காலில் நடக்க வேண்டும். அடுக்களையில் பூங்கோதைக்கே தெரியாமல் ஒரு முனகல் கிளம்பிவிட்டால் போதும், கூடத்திலிருந்து அது வரும்.

உஷ்.

அதட்டல் இல்லை. அடி இல்லை. ஒரே ஒரு உஷ். ஒரு பூனையை விரட்டுவதற்குக்கூட மனிதர்கள் இதைவிடப் பெரிய சத்தம் போடுவார்கள்.

அவர் போனபிறகும் வீடு அப்படியேதான் இருந்தது. சுவர் முழுக்கக் கேசட். கட்டிலுக்கு அடியில் கேசட். அவள் கரண்டியைக் கீழே போட்டால் அவள் நெஞ்சுதான் முதலில் துணுக்குற்றது. இவை வீட்டைவிட்டுப் போக வேண்டும். போனால்தான் தன்னால் மூச்சு விட முடியும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

*

அடுக்குமாடியின் வாசலில், கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய இரும்பு பீரோ உண்டு. பச்சை பெயின்ட் அடித்துப் பகிர்வுப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். வேண்டாததை வையுங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும்.

குழந்தைச் செருப்பு வைப்பார்கள். மூடி போன மிக்சி ஜார் வைப்பார்கள். யார் வைத்தது, யார் எடுத்தது, ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் அந்தப் பெட்டியின் அழகு.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை, பூங்கோதை ஒரு கட்டைப்பை நிறையக் கேசட்டுகளைக் கொண்டுபோய் வைத்தாள். படியேறி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள். கடுகு பொரிந்தது. நன்றாகப் பொரியட்டும் என்று நின்று கேட்டாள்.

மறுநாள் அழைப்பு மணி. அசோசியேஷன் செயலாளர் தண்டபாணி நின்றார், கையில் அதே கட்டைப்பை.

"ஏனுங்க்கா, வேலைக்கு வர்ற பொண்ணு தெரியாம கொண்டுபோய் வெச்சிருச்சாட்ட இருக்குதுங்க. நல்லவேளை, என்ற கண்ணுல பட்டுச்சு."

தண்டபாணி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கொடுக்கும் தொல்லைக்கு மருந்தே கிடையாது. பூங்கோதை பையை வாங்கிக்கொண்டாள். போதாக்குறைக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி வைத்தாள். இந்த முறை யாரென்று தெரியவில்லை. பை அவள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. மேலே ஒரு முழம் மல்லிகை.

பூ வைத்திருக்கிறார்கள். சாமி படத்துக்கு வைப்பதுபோலக் கேசட்டுக்குப் பூ! செருப்பை எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஜாரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தருகிறார்கள். பூங்கோதை அந்த மல்லிகையைப் பிய்த்து வாசற்படியிலேயே எறிந்தாள்.

*

ஒரு கேசட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பூங்கோதை பாடுவாள். கல்யாணத்துக்கு முன்னால், மில் காலனிப் பிள்ளையார் கோயிலில், நவராத்திரிக்குப் பாடினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரை. அவளுடைய அப்பா யாரிடமோ டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கிவந்து, மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து பதிந்தார்.

ஒரு கேசட். ஒரு பக்கம். மோகனம். மேலே அப்பாவின் கோணல் எழுத்தில், எங்கள் பூங்கோதை.

கல்யாணச் சீரோடு அதுவும் வந்தது. அடுத்த வருஷத்துக்குள் அப்பா இறந்துபோனார். தூறலும் தகரமும் அவள் குரலும் அந்த நாடாவில் இருந்தன. பாட்டு முடிந்ததும் அப்பா ஒரு முறை இருமுவார், அதுவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் யாரோ பெரிய வித்வானின் கச்சேரி. ஜெகந்நாதன் கையில் புதுக் கேசட் இல்லை. கடை அடைத்திருந்தது. கைக்கு அகப்பட்டதை எடுத்தார். சொருகினார். பொத்தானை அழுத்தினார்.

தோடி. விஸ்தாரமான தோடி. மோகனத்தின் மேல், தூறலின் மேல், அப்பாவின் இருமலின் மேல்.

பூங்கோதை அறிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் பூங்கோதை என்ற எழுத்தின் குறுக்கே ஒரு கோடு அடித்துவிட்டு, அதன் கீழே வித்வானின் பெயரை அழகாக எழுதிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்து ஒரு விளக்கமும் சொன்னார்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் இறங்காது. மேலே எதுவும் ஏறாது. ஜெகந்நாதன் தன் கேசட்டுகளுக்கெல்லாம் பதிந்த கையோடு பல்லை உடைத்துவிடுவார். பேனாக் கத்தியால், டக் டக்கென்று.

"உங்கப்பா பல்லை உடைச்சு வெச்சிருக்கணும். அவருக்கு அது தெரியலை" என்றார்.

சொல்லிவிட்டு, பேனாக் கத்தியை எடுத்தார். தோடிக்குப் பல்லை உடைத்தார். டக். டக்.

பாவி. ஒரு வருத்தம் சொல்லியிருக்கலாம். அட, வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்த மனிதர்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கத்தியைத் துடைத்து வைத்தார். பூங்கோதை சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். அன்றைக்குப் பாட்டை நிறுத்தியவள்தான்.

*

மூன்றாம் முறை அவள் ஒளித்துக்கொண்டு போகவில்லை. நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க, பை பையாக இறக்கினாள். பீரோ நிரம்பியது. எங்கள் பூங்கோதை கேசட்டும் அதில் இருந்தது. தோடிக் கேசட் என்று சொல்ல வேண்டுமோ? அவளால் அப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

தண்டபாணி ஓடிவந்தார். இந்த முறை புரிந்துகொண்டார். அதாவது, தப்பாகப் புரிந்துகொண்டார்.

"தானமாக் குடுக்கறீங்களாக்கா? ஐயா மனசு ஆருக்கு வரும்" என்று கண் கலங்கினார்.

பக்கத்துச் சோளக் காட்டு வேலாத்தா அங்கே நின்றிருந்தாள். அவ்வப்போது வந்து பெட்டியில் ஏதாவது பார்த்து எடுத்துப் போகிறவள். ஒரு கேசட்டை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள நாடா இருக்குமல்லங்க? காட்டுக்குக் கட்டோணுமுங்க. சோளம் பால் புடிச்சிருச்சு, கிளி வர்றது நிக்கவே மாட்டீங்குது."

தண்டபாணி அதை வெடுக்கென்று பிடுங்கினார். "அடக் கொடுமையே! இது சங்கீதமுங்க. காட்டுல கட்டற சாமானமா இது?"

வேலாத்தா பீரோவுக்குள் மறுபடி கையை விட்டாள். கம்பி முறிந்த குடை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். பூங்கோதை அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

மார்கழி பிறந்தது. வெயில் இளசாக வந்தது.

ஒரு காலை பூங்கோதையைக் கீழே கூப்பிட்டார்கள். பச்சை பீரோவுக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். கேசட்டுகள் வரிசையாக, தூசி தட்டி. மேலே ஜெகந்நாதனின் படம், சந்தன மாலையோடு. கீழே பலகை. ரசிகர் ஜெகந்நாதன் நினைவு இசைப் பெட்டி.

கதவில் பூட்டு.

தண்டபாணி சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். "நீங்களே வெச்சுக்கோங்கக்கா. கண்டவங்க கை வெக்கக் கூடாது பாருங்க. ஆருக்காச்சும் வேணும்னா உங்ககிட்ட வந்து கேக்கட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ செல்போனில் ஆலாபனை ஒன்றை ஓடவிட்டார்கள். பூங்கோதை ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், மரியாதையாக, மெதுவாக.

உஷ்.

அவ்வளவுதான்.

"ஆரு அது?" என்றாள். "ஆரு உஷ்ஷுங்கறது? மொகத்தக் காட்டு!"

கை தட்டல் நின்றது. ஆலாபனை நின்றது.

"வேண்டாதத வையின்னு எழுதி வெச்சிருக்கீங்க. எனக்கு இது வேண்டாதது. கொண்டாந்து வெச்சா திருப்பிக் குடுக்கறீங்க. பூ வெச்சுக் குடுக்கறீங்க. இப்ப பூட்டுப் போட்டு என்ற கையிலயே சாவி குடுக்கறீங்க. ஏன் தம்பி, நான் சாகற வரைக்கும் இதுக்குக் காவல் காக்கோணுமா?"

"அக்கா, அது ஐயாவோட உயிருங்க..."

"அவரு உயிரு போயாச்சு. இது இத்தன வருஷமா என்ற உயிர எடுத்துச்சு. என்ற குரலு ஒரே ஒரு கேசட்டுல இருந்துச்சு, தம்பி. என்ற அப்பன் மடியில வெச்சுப் புடிச்சது. அதுக்கு மேல தோடியப் புடிச்சாரு உங்க ரசிகரு. என்ற மொகத்தப் பாத்து என்ற அப்பனுக்கு வெவரம் பத்தாதுன்னாரு. நல்ல காது! நல்ல ரசிகரு!"

தண்டபாணி தாம்பாளத்தைப் பிடித்தபடியே நின்றார்.

பூங்கோதை சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். இரண்டு கையாலும் வாரி வாரித் தரையில் தள்ளினாள். சடசடவென்று விழுந்தன. ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற சத்தம். படத்தை மட்டும் தொடவில்லை. காலிப் பெட்டிக்கு மேலே மாலையோடு அது இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலியோரமாக வேலாத்தா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலாத்தா, காட்டுக்கு நாடா வேணும்னியே. வா. தூக்கு."

*

வரப்பில் உட்கார்ந்து கல்லால் உடைத்தார்கள். பிளாஸ்டிக் தெறித்தது. நாடா சுருள் சுருளாக மடியில் கொட்டியது.

அந்தக் கேசட் கைக்கு வந்தது. கோடு அடித்த எழுத்து. பூங்கோதை அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கல்லைத் தூக்கியவள் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு உடைத்தாள். நாடாவை விரலிடையில் விட்டு இழுத்தாள். பழுப்பு. மற்றவை எல்லாம் எப்படியோ அப்படித்தான் இதுவும். மோகனம் எங்கே என்று நாடாவில் தெரியுமா என்ன? அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, அதைத்தான் முதலில் கட்டினாள். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை.

காற்று வந்தது. நாடா விர்ரென்றது. பளீரென்று மின்னியது. கிளிகள் ஒரு சுற்று எழுந்தன, திரும்பி இறங்கின. இந்தக் கோடியில் சத்தம் கேட்டால் அந்தக் கோடியில் உட்கார்ந்தன. கதிரைக் கொத்தி உதறின.

அந்தக் கோடியிலிருந்து வேலாத்தா கத்தினாள். "சத்தம் போடுங்க்கா! சும்மா நின்னா கிளி பயப்படுமாங்க? நல்லாத் தொண்டையத் தொறந்து போடுங்க!"

பூங்கோதை வாய் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. காறினாள். மறுபடி திறந்தாள். கரகரவென்று, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒன்று வந்தது. அதற்கே அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள், பழக்கதோஷம்.

பின்னால் சோளம்தான் நின்றது.

"ஏஏஏய்!" என்றாள். "போ! போ!" அடி வயிற்றிலிருந்து வந்தது. தொண்டை எரிந்தது. எரியட்டும். அடுத்த முறை அந்த ஏஏஏ நீண்டது. நீண்டு மேலே ஏறியது. ஏறி, மேலேயே நின்றது.

சோளக் காட்டுக்கு மேலே பழுப்பு நாடா. மார்கழி வெயில் அதன்மேல் விழுகிறது. காற்று வருகிறது, தோடி விர்ரென்கிறது. பல் உடைத்த தோடி, எதுவும் மேலே ஏற முடியாத தோடி.

அதன் மேல் பூங்கோதையின் குரல் ஏறுகிறது. கிளிகள் மொத்தமும் எழுந்து பறக்கின்றன.