முன்கண்ணாடியில் இரண்டு கைகள்

இந்தச் சிவப்பு வளையலை நான்தானே போட்டுவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம், வலிக்குது வலிக்குது என்று அவள் கத்தக் கத்த, சோப்பு நுரை தடவி நான்தானே ஏற்றினேன்.

இனியாவின் மனத்துக்குள் அதுவே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி எதையும் நினைக்க முடியவில்லை. எதிரே கணினித் திரையில், நிறுத்திவைத்த காட்சியில், செங்கம் சாலை சாயங்கால வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அந்தச் சாலையின் மேல், குளத்துத் தண்ணீரில் தெரியும் உருவம் போல, காரின் உள்பக்கம் மங்கலாகப் படிந்திருந்தது. டேஷ்போர்டின் மேல் விரித்த வெள்ளைத் துண்டு. ஒட்டிவைத்த சின்னப் பிள்ளையார். ஸ்டீயரிங்கின் மேல்வளைவு. அதைப் பிடித்திருந்த இரண்டு சின்னக் கைகள். ஒரு மணிக்கட்டில் சிவப்பு வளையல்.

அவள் மகள் எழிலரசிக்கு ஐந்து வயது.

படத்தை ஒரு நொடி பின்னால் தள்ளிப் பார்த்தாள். கைகள் இருந்தன. இன்னும் பின்னால். அப்போதும் இருந்தன. பெரிய கை எங்காவது தெரிகிறதா என்று திரையின் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து தேடினாள். கணவன் இளவரசனின் கை எந்த இடத்திலும் இல்லை.

'எழிலு பின்சீட்டுலதான் இருந்தா. பெல்ட்டு போட்டு உக்கார வெச்சிருந்தேன்' என்று அவன் சொல்லியிருந்தான். சனிக்கிழமை இரவு அவளிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போலீஸிடம் சொன்னான். இரண்டு முறையும் ஒரே சொற்கள். ஒரே மாதிரி வந்து விழுந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

அவள் இந்த வீடியோவைத் திறந்ததே அவனுக்காகத்தான். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய இந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது அவள் தொழில். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கார் ஒரு பெரியவரை இடித்திருந்தது. முன்கண்ணாடியில் மாட்டிய டேஷ்கேம் கேமராவின் பதிவை நாளைக் காலை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். பதிவு மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் தெளிவாக்கிக் கொடு, அந்தப் பெரியவர் குறுக்கே வந்தது நன்றாகத் தெரிய வேண்டும் என்று காலையில் கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஏன் மங்கல் என்று அவளுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. லென்ஸின் முன்னால் போலரைசிங் ஃபில்டர் இல்லை. கார் வாங்கிய புதிதில் அவள்தான் அதை வாங்கச் சொன்னாள். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கண்ணாடி வளையம். லென்ஸில் செருகி மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் டேஷ்போர்டின் பிம்பம் அப்படியே அணைந்துபோகும். வெள்ளைத் துண்டு மறைந்து, ரோடும் மரமும் எதிரே வரும் பஸ்ஸின் நம்பரும் கழுவிவிட்டது போல நிற்கும். அன்று எழில் கைதட்டினாள். ஆனால் அதைப் போட்டால் வெளிச்சம் குறைந்துவிடும். போன வாரம் வேலூரிலிருந்து இருட்டில் திரும்பியபோது, ஒண்ணுமே தெரியல, கறுப்பாகீது என்று இளவரசன் கழற்றி வைத்தான். மறுபடியும் மாட்ட மறந்துவிட்டான்.

மாட்டியிருந்தால் பதிவு சுத்தமாக இருந்திருக்கும். சாலை தெரிந்திருக்கும். சுண்டல் டின் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அந்தப் பெரியவர் மண்ணாங்கட்டி தெரிந்திருப்பார். கைகள் தெரிந்திருக்காது. மைக்கையும் அவன் எப்போதும் அணைத்தே வைத்திருப்பான், நாம சண்டை போடறது எதுக்குப் பதிவாவணும் என்று. அவளும் எந்தக் காலத்திலும் அறிந்திருக்க மாட்டாள்.

மங்கலைக் குறைக்க அவள் கறுப்பை ஏற்றி வெளுப்பை இறக்கினாள். முதலில் சைக்கிள் தெளிவாக வந்தது. அது தார் ரோட்டிலேயே இல்லை, ஓரத்து மண்ணில் இருந்தது. அடுத்து, அதே திருத்தத்தில், வளையலும் வந்தது.

படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. நேற்று ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். தொடை எலும்பு முறிந்து, நெற்றியில் தையலோடு மண்ணாங்கட்டி படுத்திருந்தார். கேஸை விசாரிக்கும் ஏட்டு பலராமன் கட்டில் அருகே நின்றிருந்தார்.

"சொன்னேனே சார், சின்னப் பொண்ணுதான் ஓட்டுச்சு. நான் பார்த்தேன்."

"கொழந்தயா? லைசென்ஸ் கேட்டியா பெரியவரே?" என்றார் பலராமன்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். ஊசி போட வந்த நர்ஸ் சிரித்தாள். இனியாவும் சிரித்தாள். அதை இப்போது நினைக்கும்போது தன் முகம் யாருடைய முகமோ போலத் தோன்றியது.

வராண்டாவில் அவருடைய மனைவி காசியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது பொய் பேசற ஆளு இல்லம்மா. ஆனா மண்டையில அடி பட்டுக்கீது. இன்னா பேசறோம்னு அதுக்கே தெரியல. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"தலையில அடிபட்டா அப்படித்தாங்க ஏதேதோ தோணும். சரியாயிடும்" என்று இனியா ஆறுதல் சொன்னாள். காசியம்மாள் உள்ளே போய், "பாரு, அந்தப் பொண்ணே சொல்லுது, வாயை மூடிக்கினு படு" என்று அதட்டினாள். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி, "அப்ப எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

கார் வாங்கிய அன்று பூஜை முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கியதும், இளவரசன் எழிலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் பிறந்த பிறகுதான் அவனுக்கு கான்ட்ராக்ட் வேலை கூடிவந்தது. பிள்ளை கைராசி, அவ கைதான் முதல்ல ஸ்டீயரிங்கத் தொடணும் என்றான். வீட்டெதிரே காலி மனையில் ஒரு சுற்று. இனியாதான் அதைப் படம் பிடித்தாள். அன்றோடு முடிந்தது என்று நம்பியிருந்தாள். சனிக்கிழமைதோறும் அப்பாவும் பொண்ணும் காரில் கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி வரும்போது, வழியிலுள்ள ஆசிரமத்தைத் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் எழில் மடிக்கு வந்திருப்பாள் என்று இந்த நிமிடம்தான் அவளுக்குத் தோன்றுகிறது.

"அம்மா."

எழில் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. இனியா படத்தை மூடப் போனாள். அதற்குள் குழந்தை கவுன் பையிலிருந்து எதையோ எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அந்தக் கறுப்பு வளையம். காரில் கிடந்ததை விளையாட எடுத்து வந்திருக்கிறாள். திரையைப் பார்த்தபடி அதை மெதுவாகத் திருப்பினாள்.

"இப்ப இல்ல" என்றாள்.

"எது இல்ல?"

"எல்லாம் கறுப்பாயிடுச்சு. நீயும் பாரும்மா. இப்படித் திருப்பினா தெரியாது."

இனியா வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். அந்த வளையத்தின் வழியே, ஒரு திருப்பில், திரை முழுவதும் இருண்டது. சாலையும் சைக்கிளும் கைகளும் போய்விட்டன. சுவரும் ஜன்னலும் அப்படியே இருக்க, திரை இருந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம். மூன்று நாளாக இந்தப் பிள்ளை இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வது எதனால் என்று அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயந்திருப்பாள் என்று மட்டும் நினைத்து, விபூதி பூசிப் படுக்க வைத்திருந்தாள்.

வளையத்தைக் கீழே வைத்துவிட்டு மகளை இழுத்து அணைத்தாள்.

"அந்தத் தாத்தா செத்துட்டாராம்மா?"

"இல்லடி செல்லம். கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு."

"மயிலு போச்சும்மா. நான் அதப் பார்த்தேன். கை அதுவா திரும்பிடுச்சு. நான் இடிக்கணும்னு இடிக்கல." சொல்லிவிட்டு எழில் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா சொல்லக் கூடாதுன்னாரு. சொன்னா போலீஸ் என்னைப் பிடிச்சுக்கும்."

ஐந்து வயதுக் குழந்தை ஒரு மனிதரை இடித்துவிட்ட பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறது, பள்ளிக்கூடம் போயிருக்கிறது, இனியாவின் பக்கத்தில் படுத்திருக்கிறது. தாய் என்று ஒருத்தி, கல்யாணப் பெண்களின் கன்னத்துப் பருக்களை அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இளவரசன் வீட்டுக்குள் வரும்போது இன்னும் பொழுது சாயவில்லை. எழில் சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "முடிஞ்சிதா? பலராமன் சார் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு" என்றான்.

இனியா நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். அவன் திரையைப் பார்த்தான். முதலில் சைக்கிளைத்தான் பார்த்தான். பிறகு அவன் கண் வளையலுக்கு வந்தது.

"என் போன்ல பார்த்தப்ப இதெல்லாம் தெரியலயே" என்றான் கடைசியில்.

"சின்ன ஸ்க்ரீன். மங்கலா வேற இருந்துச்சு."

"ஒரே செகண்டு இனியா. சத்தியமா. போன் நழுவிக் கீழ விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள..." அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "நானும் மூணு நாளா தூங்கலடி."

"அவளும் தூங்கலீங்க."

அவன் திரும்பி சோபாவைப் பார்த்தான். கண் கலங்கியது. அவன் கெட்டவன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை இன்னும் கலக்கியது. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு எளிதாக இருந்திருக்கும். இந்த மனிதன் மகளின் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிறவன், அதே மகளிடம் போலீஸ் பிடிக்கும் என்று சொன்னவன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மாறியது. கணக்குப் போடும் குரல்.

"இது வெறும் பிம்பந்தானே. ஃபில்டர் போட்டிருந்தா இருந்திருக்காது, கரெக்ட்டா?"

"ஆமா."

"அப்ப ஃபில்டர் செய்யற வேலைய நீ செய். அவ்ளோதான். ரோட்டை ஒண்ணும் மாத்த வேணாம். சைக்கிள் எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும், தப்பு என் மேலன்னே ஒத்துக்கறேன். ஆஸ்பத்திரிச் செலவு மொத்தம் நான் பார்க்கறேன். அந்தக் கைய மட்டும் எடுத்துடு. போன மாசம் கூட அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையோட சித்தப்பாவயே முழுசா எடுத்தியே. இது ரெண்டு கை. உனக்கு அரை மணி நேர வேலை."

"அந்தப் பெரியவர் தனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு கேட்டுக்கினு படுத்திருக்காரு."

"கால் சேர்ந்ததும் மறந்துடுவாரு. கொழந்தய நினைச்சுப் பாரு. நாளைக்கு ஊரே அவளக் கைகாட்டிப் பேசணுமா? ஸ்கூல்ல கேட்பாங்க. வளர்ந்தப்பறமும் கேட்பாங்க. அவளுக்காகத்தான் கேக்கறேன்."

அவளுக்கு அந்த வாதத்தில் ஒரு கணம் கால் வழுக்கியது. செய்யலாம். வீடியோவின் அடுத்த ஃபிரேமிலிருந்து தார் நிறத்தை எடுத்துக் கைகளின் மேல் பூசிவிடலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எழில் வளர்வாள், மறந்துவிட்டது போல இருப்பாள். என்றாவது ஒருநாள் தன் கைகளைப் பார்த்து, அன்றைக்கு நான்தானே என்று அவள் நினைக்கும்போது, இல்லை, உன்னை அங்கே உட்காரவைத்தது இன்னொருவர் என்று சொல்ல உலகத்தில் எந்தச் சாட்சியும் இருக்காது. அம்மாவே அழித்துவிட்டிருப்பாள்.

"எடுத்துடுவ இல்ல?" என்றான் இளவரசன்.

இனியா தான் செய்திருந்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். பதிவு பழையபடி மங்கலாயிற்று. மங்கலிலும் இப்போது அவளுக்கு வளையல் தெரிந்தது. டேஷ்கேமின் மெமரி கார்டைக் கணினியிலிருந்து உருவி, கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எப்படி இருக்கோ அப்படியே நாளைக்கு நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். நீங்களும் கூட வாங்க. எழில மடியில உக்கார வெச்சு ஸ்டீயரிங்கக் குடுத்தது யாருன்னு அவ முன்னாடி நீங்களே சொல்லுங்க."

"இனியா, சொன்னாக் கேளு..."

"இல்லீங்க" என்றாள் அவள், தூங்குகிறவளை எழுப்பிவிடாத குரலில். "அந்தக் கைய நான் அழிக்க மாட்டேன்."