திமிங்கில ஊரில் ஆர் இருக்கினம்?

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் கலைமாறன் அந்த ஆடி மாதம் முழுவதும் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நடமாடினான். களவெடுத்தவன்போலத் திரிய அவன் செய்த குற்றம் இவ்வளவுதான்: கனடாவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, டொரோண்டோவில் இருக்கும் அக்காவுக்குச் சொல்லவில்லை.

டிக்கெட் எடுத்தது அவன்கூட இல்லை, மனைவி தயானி. ஒப்பெரா பக்கம் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை அவளுக்கு. யார் யாரோ படுத்தெழும்பிய கட்டில்களை நாள் முழுக்க உதறி விரித்துவிட்டு புறநகர் ஸ்தேனில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேருவாள். விருந்தாளி ஒருவர் அறையில் விட்டுப்போன சஞ்சிகையில்தான் ததூசாக் என்ற ஊரைக் கண்டாள். கியூபெக்கில் பெரிய ஆறொன்று கடலோடு கலக்கிற இடம். படகில் போனாலும் திமிங்கிலம், போகாமல் கரையில் குந்தியிருந்தாலும் திமிங்கிலம். பேசுவதும் பிரெஞ்சு.

“காலமை பாறையிலை போய் இருப்பன். பிறகு படகிலை போவன். பின்னேரம் மணல் மேட்டிலை ஏறுவன். வந்து, நான் விரிக்காத கட்டிலிலை படுப்பன்” என்றாள் தயானி. “சமையல் இல்லை. ஒருத்தற்றை வீட்டிலையும் தேத்தண்ணி இல்லை. ஒரு கிழமைதான். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முந்தினமுறை கனடா போனபோது இராசமலர் அக்கா வீட்டில் அவளுக்கு விருந்தாளி என்று பெயர், நின்றதெல்லாம் குசினி அடுப்படியில். மிச்ச நேரம் சொந்தக்காரர் வீடு வீடாகத் தேத்தண்ணியும் பற்றிஸும். நயாகராவை மழைக்குள் கார்க் கண்ணாடியால் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

கலைமாறன் ஓம் என்றான். ஓம் என்ற நாள் தொடக்கம் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரூ காய் தெருவில் அவன் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் வெட்டும்போதும் அதே யோசனை. அங்கே ஒரு வருத்தம் வந்து படுத்தால் யாரைக் கூப்பிடுவது? பஸ்ஸால் இறங்கும்போது யார் வந்து நிற்பார்கள்? அவன் போன ஊரிலெல்லாம் “வாங்கோ” என்று சொல்ல ஒருவர் நின்றிருக்கிறார். அகதியாகப் பாரிசுக்கு வந்த அன்றுகூட கார் து நோர் ஸ்டேஷனில் ஒரு மச்சான் நின்றான். ஒருவரும் இல்லாத ஊருக்கு மனிதர் ஏன் போகவேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடவேயில்லை.

பயணம் நெருங்க, பெட்டி வாங்கப் பொன்னம்பலத்தின் கடைக்குப் போனான். பாரிசில் பெட்டி விற்கிற கடைக்கா பஞ்சம்? ஆனால் அவனுடைய கால் போனது அங்கேதான். வெளிநாடு போகிறவர்களிடம் சனம் பார்சல் கொடுத்துவிடுகிற இடமும் அதுதான். லா சப்பலில் யார் எங்கே போகிறார்கள் என்பது போகிறவருக்கு முன்னமே பொன்னம்பலத்துக்குத் தெரிந்துவிடும்.

“பெரிய பெட்டியாய்ப் பாக்கிறாய். எங்கை பயணம்?”

“சும்மா, அடுத்த மாதம் முதல் கிழமை கனடாவுக்கு.”

“அக்காவிட்டையோ?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கலைமாறன் “ஓம் அண்ணை” என்றான். சொன்ன உடனே காய்ச்சல் விட்டதுபோல உடம்பு லேசாகிவிட்டது. வெட்கக்கேடு அதுதான்.

பெட்டியை உருட்டிக்கொண்டு ஸ்டேஷன் படி இறங்குவதற்குள் இராசமலரின் அழைப்பு வந்துவிட்டது. பொன்னம்பலமும் அவளும் ஒரே ஊர், வைபரில் நாளாந்தம் கதைக்கிறவர்கள்.

“கள்ளா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கப் பாத்தியோ? நல்லதாய்ப் போச்சு, தம்பி. பெரியபிள்ளையான மகளின்ரை சாமத்திய வீட்டை நீ நிக்கிற கிழமைச் சனிக்கே மாத்திறன். தாய்மாமன் நிண்டு செய்யவேணும் எண்டு எவ்வளவு நாள் நினைச்சிருப்பன்.”

அக்கா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறவளிடம் திமிங்கிலத்தை எப்படி இழுப்பது? ரயில் ஸ்தேனுக்குப் போய்ச் சேருமுன் சாமத்திய வீட்டுக்கு ஹோல் கிடைத்துவிட்டது என்று செய்தியும் வந்தது.

வீட்டில் தயானி புதுச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையில் வழுக்காத சப்பாத்து. கலைமாறன் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

“வாய் தவறிச் சொல்லிப்போட்டன்.”

“வாய் தவறேல்லை” என்றாள் தயானி. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “ஒருத்தரும் இல்லாத இடத்திலை என்னோடை தனிய ஒரு கிழமை இருக்க உங்களுக்குப் பயம்.”

அவனுக்குச் சுருக்கென்றது. யன்னலைத் திறந்தான், மூடினான். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தான்.

“திமிங்கிலம் வாற வருசமும் வரும்தானே?”

“வரும். வாற வருசம் உங்கடை ஆக்களுக்கை இன்னொரு பிள்ளை சாமத்தியப்படும்.” அவள் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினாள். “தாய்மாமன் போகத்தான் வேணும். நீங்கள் மொன்றியலிலை இறங்கி அக்காவிட்டைப் பஸ் எடுங்கோ. நான் மற்றப் பக்கம் எடுக்கிறன்.”

“அக்கா கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

“திமிங்கிலம் பாக்கப் போட்டாள் எண்டு சொல்லுங்கோ.”

அடுத்த நாள் மத்தியானம் கலைமாறன் பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு மறுபடி பொன்னம்பலத்தின் முன்னால் நின்றான்.

“என்ன, சில்லுப் பிழையோ?”

“இல்லை அண்ணை. இதுக்குப் பதிலாய்ச் சின்னன் ரெண்டு தாங்கோ. நான் அக்காவிட்டைப் போறன். தயானி ததூசாக் எண்டொரு ஊருக்குப் போறா.”

பொன்னம்பலம் கண்ணாடியைக் கழற்றினார். “அங்கை ஆர் இருக்கினம்?”

மேசையில் அவருடைய போன் கிடந்தது. சொல்வது எதுவானாலும் தேத்தண்ணி ஆறுமுன் டொரோண்டோவுக்குப் போய்விடும் என்று கலைமாறனுக்குத் தெரியும்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை. அதுதான் போறா.”

இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கார் து நோர்ப் பக்கம் நடந்தான். இரண்டையும் உருட்டிப் பார்த்து, நன்றாக உருளுவதைத் தயானிக்கு என்று வைத்துக்கொண்டான். தானும் அந்தப் பாறையில் அவள் பக்கத்தில் போய் இருக்கவேண்டும் என்ற ஆசை அவனுக்கு முதன்முதலாக வந்தது அந்தத் தெருவில்தான். ஹோலோ புக் ஆகிவிட்டது.