பொன்மலை ஏலத்துப் பெட்டி

பொன்மலையில் ரயில்வே துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு, முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் தோல் வியாபாரி அப்துல் சுக்கூர். வரும்போது கையில் இரண்டு சணல் கயிறுகள். ஏலத்துக்கு வந்த இரண்டு மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிகளின் அகலத்துக்கு ஒவ்வொன்றாக நறுக்கியவை. பாலக்கரை வீட்டுச் சமையற்கட்டுச் சுவரில் ரோஷன் பேகம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

"சின்னதே போதும் ரோஷன். நாம நாலு பேரு. பாலு, தண்ணி, ரெண்டு பழம். வேறென்ன?"

"பெருநாள் வராதாங்க? உங்க மெட்ராஸ் யாவாரிங்க சொல்லாம கொள்ளாம வந்து நிக்க மாட்டாங்களா?"

"பெரிசு மண்ணெண்ணெயைக் குடிச்சுத் தீத்துடும்."

"உங்க யாவாரிங்க குடிக்கிற டீயைவிடவா?"

சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம்தான். சின்னதை ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் எடுத்துக்கொண்டார், மோர் வைக்க. பெரியது மாட்டுவண்டியில் பாலக்கரைக்கு வந்தது.

பெட்டியைப் பார்க்க வந்தவர்களில் ரோஷனின் அக்கா ஷரீபாவும் ஒருத்தி. பக்கத்துச் சந்தில், புருஷன் போன பிறகு தனியாக இருப்பவள். தாயில்லாத ரோஷனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பெட்டியின் அடியில் நீலமாக எரிந்த திரியைக் குனிந்து பார்த்தாள், பிறகு மேலே கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள்.

"கீழ நெருப்பு, மேல ஐஸா? உன் மாமியாவேதான்டி!"

ரோஷனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதுவரை, பொழுது சாயும்போது சோற்றுக்கு ஊற்றி மிஞ்சின ஆணம் ஒரு கிண்ணத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடும். உதவி என்று இரண்டு பேரும் ஒரு நாளும் சொன்னதில்லை. "வெச்சா கெட்டுப்போயிடும்க்கா" என்பாள் தங்கை. "ஆமா, வெயில் அப்படி" என்று வாங்கிக்கொள்வாள் அக்கா. ஷரீபா கைநீட்டி வாங்குகிற ஜாதியில்லை. கெட்டுப்போகிற பண்டத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறவள். பெட்டி வந்தபின் எதுவும் கெடவில்லை. கிண்ணம் போவது என்றைக்கு நின்றது என்று ரோஷனுக்கே தெரியாது.

பக்ரீத் வந்தது. குர்பானிக் கறியை வழக்கம்போல் மூன்று பங்காக்கினார்கள். ஏழைகளின் பங்கு வாசலிலேயே கொடுத்து முடிந்தது. சொந்தக்காரர் பங்கில் அக்காவுக்கென்று ஒரு சட்டியில் எடுத்து வைத்த நேரத்தில், மெட்ராஸ் வியாபாரிகள் மறுநாள் வருவதாக ஆள் வந்து சொல்லிப் போனான். ரோஷன் ஒரு கணம் யோசித்தாள். அக்கா ஒருத்திதானே, நாளைக்குக் கொடுத்தால் என்ன, கெட்டா போகும்? சட்டியை ஐஸ் கட்டுகிற மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

வியாபாரிகள் வந்தார்கள், அந்தச் சட்டியிலிருந்தே எடுத்து வறுத்த ஈரலைப் புகழ்ந்தார்கள், போனார்கள். அதற்கும் மறுநாள்தான் அப்துல் சுக்கூர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அக்கா வூட்டுக்குப் பங்கு போச்சுல்ல?"

ரோஷன் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மிச்சமிருந்த கழுத்துக் கறியும் எலும்புமாகச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனாள். சட்டியின் குளிர் துணியைத் தாண்டி வயிற்றில் பட்டது.

ஷரீபா கிணற்றடியில் அம்மியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள. பெருநாள் நல்லா போச்சா?"

"விருந்தாளுங்க வந்துட்டாங்கக்கா. அதான் ரெண்டு நாளு... கெடலக்கா. அப்படியே இருக்கு பாரு."

அக்கா மூடியைத் திறந்தாள். கறி ஒரே கட்டியாக, வெள்ளை பூத்து, சட்டியோடு ஒட்டிக்கிடந்தது. விரலால் தட்டினாள். கல்லைத் தட்டின சத்தம்.

"கெடல," என்றாள். "மசாலாதான் கெட்டுப்போச்சு. அன்னிக்குக் காலையிலயே அரைச்சு வெச்சுட்டேன், இப்ப வந்துரும் இப்ப வந்துரும்னு. ராத்திரிவரைக்கும் வாசலைப் பாத்துட்டு, காலையில கொட்டிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலைப் பிடித்தாவது அழுதிருக்கலாம் என்று ரோஷனுக்குத் தோன்றியது.

"அக்கா, நான் அந்தச் சின்னப் பெட்டியையே..."

"பெட்டி என்ன பண்ணும் பாவம்." ஷரீபா சட்டியை வெயில் விழும் துவைகல்லில் வைத்தாள். "அடுப்புல இப்படியே வைக்க முடியாது. உக்காரு."

சுவரில் இரண்டு காகங்கள் வந்து உட்கார்ந்தன. அக்கா ஒரு கையால் விரட்டிக்கொண்டே இருந்தாள். ரோஷன் எதிரே குந்தி, கட்டியிலிருந்து ஒரு துண்டையாவது பிய்த்துவிடப் பார்த்தாள். விரல் மரத்துப்போயிற்று. கறி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டியின் விளிம்பிலிருந்து சிவந்த நீர் ஒரு சொட்டு கல்லில் விழுந்தது. இன்னொன்று எப்போது விழும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.